இருவது பேரைக் கூட்டிப் போய்ப் பதினெட்டுப் பேரைக் கொண்டுவந்த கதை

ஊர் சுத்திக் காட்டுற தொழில்ல ஊரைக் காட்டுறது சுலபமுங்க, சுத்த வந்தவங்களை ஒண்ணாச் சேத்து வெக்கறதுதான் பாடு.

கொழிஞ்சாம்பாறைச் சந்தையில பொள்ளாச்சி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுட்டு இருந்தவன் நான். பொள்ளாச்சியிலிருந்து திண்டுக்கல்லுக்கு ரயில் விட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. காட்டு வேலை ஓஞ்ச தை மாசத்துல இருவது பேரைச் சேத்து, சோறு, படுக்கை, வண்டி எல்லாத்துக்கும் நானே ஏற்பாடு பண்ணி, நாலு ஊரைக் காட்டிக் கொண்டாந்து விடறது. ஜனங்க அதுக்குச் 'செட்டு'ன்னு பேர் வெச்சாங்க. கூட்டத்தோட ஊர் போய்வந்தவங்களா இருந்தா என்ற பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும். உங்க தோள்ல தலையைச் சாய்ச்சுக் குறட்டை விட்ட ஆளை நீங்களும் மறந்திருக்க மாட்டீங்க.

இது மொத மொத மலைக்குச் செட்டு கொண்டுபோன கதை. போடி வழியா மேலே ஏறி, சாந்தன்பாறை ஏலக்காட்டைப் பார்த்துட்டுத் திரும்பறதாத் திட்டம். கூட்டிப் போற இருவது பேரையும் பத்திரமாக் கொண்டாந்து விடறேன்னு மாரியம்மன் கோயில் முன்னால சூடத்தை அணைச்சுச் சத்தியம் வேற பண்ணியிருந்தேன். அந்தக் கிறுக்கு எனக்கு எதுக்குன்னு இன்னைக்கும் தெரியலை.

செயில்ல போடற சோறு

எருத்தேன்பதி சென்னியப்பண்ணனுக்கும் அவர் சம்சாரம் பாவாத்தா அக்காவுக்கும் நடந்த வழக்கு இது. அக்காவுக்கு அம்பது வயசு. நிலக்கடலைக் காட்டுல களை வெட்டிட்டே தெக்கே மலையைப் பார்த்துப் பார்த்து, அவங்களுக்கு ஒரே ஒரு ஆசை. ஒருக்கா மலை மேலே நின்னு கீழே பார்க்கோணும். அடுத்த தையில போலாம், அடுத்த தையில போலாம்னு அண்ணன் முப்பது தையைத் தள்ளிட்டார். என்ற செட்டைப் பத்திக் கேள்விப்பட்டு அக்கா எங்க ஊட்டுக்கே வந்தாங்க. பின்னாலேயே அண்ணனும் வந்தார்.

அண்ணனுக்குச் செட்டு ஆகாது. போற வழியில நின்னு இந்தக் காட்டுல என்ன வெள்ளாமைன்னு விசாரிக்கோணும், பிடிச்ச ஊர்ல ரெண்டு நாள் இருக்கோணும், அதுதான் பிரயாணம்ங்கறது அவர் கட்சி. தனியாக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்ற ஆளு பொள்ளாச்சிச் சந்தையைத் தாண்டிக் கூட்டிட்டுப் போனதில்லையேன்னு அக்கா கேட்டாங்க. அண்ணன் துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சார். "மணியடிச்சா எந்திரிக்கறதுக்கும் மணியடிச்சாத் திங்கறதுக்கும் நானென்ன செயில்லயா இருக்கறேன்? செவ்வாக்கெழமை நானே கூட்டிட்டுப் போறேன், நட."

எங்களுக்கு முந்திக் கிளம்பின பொட்டணம்

செட்டு கிளம்பறது திங்கக்கெழமை. திங்கக்கெழமை கிழக்கே சூலம், அந்தப் பக்கம் போகக்கூடாது. ஆனா நம்ம பெரியவங்க இதுக்கெல்லாம் வழி வெக்காமலா போயிட்டாங்க? முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து, துணிமணியைப் பொட்டணமாக் கட்டி, போற திசையில இருக்கற வேற ஊட்டுல வெச்சுட்டா, அப்பவே பிரயாணம் கிளம்பிட்ட மாதிரி. அதுக்குப் பரஸ்தானம்னு பேரு. ஒரே ஒரு கண்டிசன். வெச்ச பொட்டணம் ஊருக்குப் போயிட்டுத்தான் ஊடு திரும்போணும். பாதியில எடுத்துட்டு ஊட்டுக்குப் போனா ஆகாது.

சென்னியப்பண்ணனும் அக்காவும் வரலைன்னதும் மிச்சம் பதினெட்டுப் பேர். ஞாயித்துக்கெழமை எங்க ஊட்டுக்கு வந்த பொட்டணம் பத்தொம்பது. என்ற சம்சாரத்தைக் கேட்டா, சிரிச்சுட்டே அடுப்படிக்குள்ளே போயிட்டா. மத்தியானம் சென்னியப்பண்ணன் வேர்க்க விறுவிறுக்க வந்தார். அவர் கம்பளியும் வெத்தலைப் பொட்டியும் காலையிலிருந்து காணோமாம். பத்தொம்பதாவது பொட்டணத்துல ரெண்டும் இருந்துச்சு, கூடவே அக்காவோட ரெண்டு சீலை. எடுக்கறதுக்குக் கையை நீட்டினவர் அப்படியே நிறுத்திட்டார். கொஞ்ச நேரம் பொட்டணத்தையே முறைச்சுப் பார்த்தார். "பொட்டணம் கிளம்பிருச்சு. இனி அதுக்குத் தொணைக்கு நானும் போயித்தானே ஆகோணும்?"

எனக்கு உள்ளுக்குள்ளே ஒரே கும்மாளம். செட்டு மறுபடி இருவது ஆச்சு.

பழனியில எறங்கினது

ரயில்ல பாதிப் பேர் அதுக்கு முந்தி ஏறினதே இல்லை. உடுமலைப்பேட்டை தாண்டறவரைக்கும் ஒருத்தரும் சீட்டுல உக்காரலை. மரமெல்லாம் பின்னால ஓடறதைப் பார்த்துப் பார்த்துச் சிரிச்சு, கொண்டுவந்த முறுக்கு பூராத்தையும் தீர்த்தாங்க. எனக்கே றெக்கை முளைச்ச மாதிரி இருந்துச்சு. அப்பத்தான் பழனி மலை தெரிஞ்சுது.

தைப்பூசம் முடிஞ்சு நாலே நாள் ஆகியிருந்துச்சு. எங்க செட்டுல ஒருத்தரும் பூசத்துக்குப் போகலை. மலையைப் பார்த்ததும் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. அதுவரைக்கும் சரி. வண்டி நின்னதும் ஒருத்தர் எறங்கினார், பின்னால நாலு பேர், அப்புறம் பார்த்தா மொத்தம் பத்தொம்பது பேரும் பொட்டணத்தோட கீழே. வண்டியிலேயே உக்காந்திருந்தது பாவாத்தா அக்கா மட்டும். இங்கே ஒரு நாள் போனா மேலே ஏலக்காட்டு மலையில இருக்கற ரெண்டு நாள் ஒரே நாளாக் கொறையும்னு நான் பிளாட்பாரத்துல கத்திக் கதறினேன். எல்லாருக்கும் மூத்தவரான ராமசாமி மாமா என்ற தோளைத் தட்டினார். "அந்த மலை எங்கேயும் போயிராது தம்பி. இந்த மலைக்காரன் கோவிச்சுட்டாத்தான் வம்பு."

அக்கா கடைசியா எறங்கினாங்க. முகம் செத்துப் போயிருந்துச்சு.

அட்டைக்கடி

போடியிலிருந்து தேயிலைப் பொட்டி ஏத்தற லாரியில எல்லாரையும் ஏத்திவிட்டேன். கொண்டைஊசி வளைவுல ஒவ்வொரு திருப்பத்துக்கும் செட்டு பூரா முருகா முருகான்னு ஒரே குரல். வளைவெல்லாம் முடிஞ்சு, கீழே ஊர் தெரியற மலை உச்சி மேட்டுக்குப் போனா, ஒரே மஞ்சு மூட்டம். எதுத்தாப்பல நிக்கற ஆளு தெரியலை. திரும்பி வர்றப்ப பார்த்துக்கலாம்னு அக்காவுக்கு நான்தான் சமாதானம் சொன்னேன்.

சாந்தன்பாறையில எங்களை ஏலக்காய் காய வெக்கற ஸ்டோர்ல தங்க வெச்சவர் கங்காணி சுடலைமுத்து, திருநெல்வேலிக்காரர். அந்த ஏலக்காய் வாசத்துலயே எங்க ஆளுகளுக்குப் பாதிக் கிறக்கம். மறுநாள் தோட்டத்துக்குள்ளே போய், சென்னியப்பண்ணன் ஒவ்வொரு செடிக்கும் என்ன எரு, எத்தனை மழைன்னு கேட்டுக் கேட்டுக் கங்காணியைக் கொன்னுட்டார். வெளியே வந்தப்ப அவர் கெண்டைக்கால்ல ஏழு அட்டை. கங்காணி சுண்ணாம்பு தடவி ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டார். "அட்டை கடிக்காத ஆளு ஏலத்தோட்டத்தப் பாத்தேன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாக, அண்ணாச்சி."

அக்கா உக்காந்துட்டாங்க

திரும்பற அன்னைக்கு மேட்டுல லாரி நின்னுச்சு. கீழே போடியில நாங்க பஸ்ஸைப் பிடிக்கோணும்னு டிரைவர் குடுத்தது ஒரு டீ குடிக்கற நேரம். மஞ்சு அப்படியே இருந்துச்சு, வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. எல்லாரும் டீ குடிச்சு லாரியில ஏறினாங்க. பாவாத்தா அக்கா பள்ளத்தோரம் ஒரு பாறையில உக்காந்துட்டு எந்திரிக்கலை.

நான் கூப்பிட்டேன். அண்ணன் கூப்பிட்டார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கலை. நான் பார்க்காம எறங்க மாட்டேன், நீங்க போங்கன்னுட்டாங்க. இத்தனை நாள் தனியாப் போகோணும்னு குதிச்ச அண்ணன், செட்டோட போயிரலாம் பாவாத்தா, ஊர் தெரியாத எடம்னு கெஞ்சினார். டிரைவர் ஆரனை அமுக்கிட்டே இருந்தான். டீக்கடை இசக்கியம்மா கிளாசைக் கழுவிட்டே, எங்க வீட்டுல ரெண்டு பேரு கெடக்க எடமா இல்லைன்னு கேட்டாங்க.

எனக்குக் கோயில், சூடம் எல்லாம் கண்ணுக்கு முன்னால வந்துச்சு. தோத்துத் தொலையலாம்னு அக்கா கால்லயே விழுந்திருப்பேன். ஆனா பாவாத்தா அக்காவோட கண்ணைப் பார்த்தேன். முப்பது வருசம் காத்திருந்தவங்களை ஒரு பஸ்ஸுக்காக இழுத்துட்டுப் போறதுக்கு எனக்கு மனசு வரலை. அண்ணனும் லாரியில ஏறாம அக்கா பக்கத்துலயே நின்னுட்டார். அவங்க பொட்டணத்தை லாரியிலிருந்து நானே எறக்கிக் குடுத்தேன். அக்கா வாங்கி மடியில வெச்சுக்கிட்டாங்க. "நீ கூட்டிட்டு வந்த வேலை முடிஞ்சுது தம்பி. இனிப் பார்க்கறது என்ற வேலை."

பதினெட்டு

கொழிஞ்சாம்பாறையில பஸ் நின்னதும் எறங்கின தலையை ஊரே எண்ணுச்சு. சூடத்தை அணைச்சவன் ரெண்டு பேரை மலையில தொலைச்சுட்டு வந்துட்டான்னு சந்தை பூராப் பேச்சு. இனி இவனை நம்பி எவன் வருவான்னு என்ற காதுபடவே சொன்னாங்க. மூணு நாள் நான் பஸ் நிக்கற எடத்துலயே நின்னேன். சோறு எறங்கலை.

நாலாம் நாள் மத்தியானப் பஸ்ல ரெண்டு பேரும் வந்து எறங்கினாங்க. சந்தையே அவங்களைச் சுத்திக்கிச்சு. அக்கா முகத்தை நான் அதுக்கு முந்தி அப்படிப் பார்த்ததே இல்லை. ரெண்டாம் நாள் காலையில வெயில் அடிச்சு மஞ்சு கலைஞ்சுதாம். கீழே ஊரு, கொளம், தோப்பு, ரோடு எல்லாம் ஒண்ணொண்ணாத் தெரிஞ்சுதாம். ஒரு ரயிலு எறும்பாட்டம் போச்சாம். அக்கா சொல்லிட்டே அந்த ரயிலு போன வழியை விரல்ல வரைஞ்சு காட்டினாங்க. "பொழுது உச்சிக்கு வர்றவரைக்கும் பார்த்தேன். இவருக்குப் பசிச்சுது. எனக்குப் பசிக்கலை."

அவ்வளவுதான், பழனியில எறங்கின ராமசாமி மாமாவுக்கே பொறுக்கலை. நாங்களும் அதே மலைக்குத்தானே போனோம், எங்களுக்கு மட்டும் எதுக்கு மஞ்சைக் காட்டினேன்னு என்கிட்ட சண்டைக்கு வந்தார். சென்னியப்பண்ணன் கூட்டத்தை விலக்கிட்டு என்ற பக்கத்துல வந்தார். "அடுத்த தைக்கும் எங்க ரெண்டு பேரை எழுதிக்கோ. அந்த மேட்டு வரைக்கும் கொண்டுபோய் விடு, அப்புறம் எங்களைக் கூப்பிடாதே."

ஆகக்கூடி, அடுத்த தைக்கும் என்ற செட்டுல இருவது பேர் சேர்ந்தாங்க, இருவது பேருமே தனியாப் போறதுக்கு.