மெழுகுக்குள் இருந்த லிஃப்ட்காரர்

நான்காம் மாடிப் பரிசோதனைக்கூடத்து அம்மாள் லிஃப்ட்காரரின் குடலை எட்டு வருடமாக வாராவாரம் சீவிக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் மனிதருக்கு உடம்பு தேறவில்லை. மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பிறந்த இந்தச் செய்தி, துணி மூட்டைகளோடு லிஃப்டில் ஏறி, சாயங்காலத்துக்குள் எல்லா மாடியிலும் இறங்கிவிட்டது. ஏற்றி இறக்கியவர் அதே லிஃப்ட்காரர்தான்.

வதந்தி என்றால் பாதியாவது பொய்யாக இருக்கும் என்று நம்பி விசாரித்தால் ஏமாற்றமே மிச்சம். முதல் பாதி அட்சரம் பிசகாத உண்மை.

எட்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய பெருங்குடலிலிருந்து ஒரு புற்றுக் கட்டியை எடுத்தார்கள். அதில் கட்டைவிரல் நகம் அளவு ஒரு துண்டை மெழுகில் பதித்து வைத்தார்கள். பரிசோதனைக்கு உபயோகிக்கலாம் என்று அவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த மெழுகுக் கட்டியைக் கண்ணாகக் காத்தவள்தான் மேற்படி அம்மாள். கண்ணாடித் தகடுகளில் சதைச் சீவலை ஒட்டிச் சாயம் ஏற்றுவது அவள் வேலை. அதனால் எல்லோருக்கும் சாயக்கா.

அவள் தேடுவது பீட்டா-கேட்டனின் என்ற புரதத்தை. அதற்கு இரண்டு உத்தியோகம். ஒன்று, செல்லின் ஓரத்தில் நின்று பக்கத்துச் செல்லோடு பிடிப்பு விடாமல் பார்த்துக்கொள்வது. இன்னொன்று, உட்கருவுக்குள் போய் ‘வளரு, பெருகு’ என்று உத்தரவு போடுவது. கரு உருவாகும் நாட்களில் இந்த இரண்டாவது உத்தியோகத்துக்கு ஏக மரியாதை. முதுகு எந்தப் பக்கம், கை எங்கே முளைக்க வேண்டும் என்பதிலெல்லாம் அதற்கும் ஒரு கையெழுத்து உண்டு. ஆள் வளர்ந்த பிறகு, குடல் மாதிரி தினம் புதுப்பிக்க வேண்டிய இடங்களில் மட்டும் அளவாக வேலை. மற்றபடி ஓரத்தை விட்டு உள்ளே உலாத்தினால் பிடித்து உடைத்துப்போட ஒரு கூட்டமே காவல் இருக்கிறது. அந்தக் காவல் கெட்டால் பழைய அதிகாரி உட்கருவுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். கருக்காலத்து உத்தரவுகளையே போட்டுக்கொண்டிருப்பார். இப்படிப்பட்டவர்களை நாம் வேறு அலுவலகங்களிலும் பார்த்திருக்கிறோம்.

இந்தப் புரதம் இருக்கும் இடமெல்லாம் சாயத்தில் பழுப்பாகும். லிஃப்ட்காரரின் கட்டியில் காவல் கெட்டிருந்ததால் உட்கருவெல்லாம் கெட்டியான பழுப்பு நிறம் பிடிக்கும். அதனால் யாருடைய தகடானாலும் மூலையில் அவருடைய சீவல் ஒன்றை ஒட்டுவாள் சாயக்கா. அது பழுத்தால் சாயம் வேலை செய்தது என்று அர்த்தம்.

“என்ன தங்கச்சி, இன்னைக்கு நான் எப்படி இருக்கேன்?” என்பார் லிஃப்டில்.

“நல்லாப் பழுப்பா இருக்கீங்கண்ணே.”

“ஒரு தடவை கண்ணுல காட்டேன். ஊரே பாக்குது, நான் பாத்ததில்ல.”

“காட்டறேன்ணே. நாளைக்கு.”

லிஃப்டை விட்டு அவரால் வர முடியாது. மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு அவளால் போக முடியாது. எட்டு வருடமும் நாளைக்குதான்.

இந்த வருடம் அவருடைய பழைய ஆபரேஷன் தழும்புக்கு அடியில் ஒரு கெட்டி. ஊசியால் குத்திச் சதை எடுத்தார்கள். பழைய புற்று இல்லை என்றார் டாக்டரம்மா. தழும்பு தடித்திருக்கலாம், அல்லது டெஸ்மாய்டு என்ற கட்டி, வேறு உறுப்புக்குத் தாவாது, ஆனால் இருந்த இடத்திலேயே வேர்விட்டுப் பரவும். முதலாவது என்றால் வீட்டுக்குப் போகலாம். இரண்டாவது என்றால் விடாமல் கண்காணிக்க வேண்டும். சாயம்தான் சொல்ல வேண்டும்: டெஸ்மாய்டு என்றால் உட்கரு பழுக்கும், தழும்பு என்றால் பழுக்காது.

மெழுகுக் கட்டியோ தேய்ந்த சோப்பாகியிருந்தது. அது தீர்ந்துவிடுமே என்று சாயக்கா இரண்டு மாதமாகச் சிக்கனம் பிடித்தாள்: தகட்டுக்கு ஒரு சீவல் இல்லை, ஒரு நாள் வேலைக்கே ஒன்று. எல்லோர் தகட்டிலும் இருந்த மனிதர் தன்னுடைய தகட்டிலேயே இல்லாமல் போனார்.

வேறு யாருடைய தகட்டிலோ ஒட்டிய அன்றைய சீவல் ஒழுங்காகப் பழுத்தது. அவருடைய தகட்டில் பழுப்பே இல்லை. டாக்டரம்மா ‘தழும்பு’ என்று எழுதப் பேனாவைத் திறந்தார். சாயக்காவும் சும்மா ஒரு பார்வை பார்த்தாள். தகடு அநியாயத்துக்குச் சுத்தமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

“எழுதாதீங்க டாக்டரம்மா.”

“ஏன்க்கா?”

“ரத்தக்குழாய் ஓரத்துல லேசாவாவது பழுப்பு இருக்கணும். அதுகூட இல்ல. மெஷின் இந்தத் தகட்டுல சாயத்தையே விடல.”

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். “மூலையில வைக்கிற துண்டு எங்க?”

“வைக்கல. மிச்சம் புடிச்சேன்.”

“நல்லா இருக்கே! மெழுகுக் கட்டியக் காப்பாத்தி ஆளக் கோட்டை விடப் பாத்தீங்களா?”

சாயக்கா மெழுகுக் கட்டியை வெளியே எடுத்தாள். மெழுகில் இரண்டு சீவல் தேறும். முதலாவது சுருக்கம் எடுக்க வெந்நீரில் மிதக்கவிட்டபோதே கிழிந்தது. இரண்டாவதுக்கு மூச்சை அடக்கிக்கொண்டு சீவும் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றினாள். புதுத் தகட்டின் மூலையில் ஒட்டினாள். மத்தியானம் மூலை பழுத்திருந்தது. பக்கத்தில், நீளநீளமான செல்களின் உட்கருக்களும் பழுத்திருந்தன. தழும்பு இல்லை, டெஸ்மாய்டுதான்.

இப்போதைக்குக் கத்தி வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்றார் டாக்டரம்மா. குடல் புற்று, டெஸ்மாய்டு இரண்டும் ஒரே ஆளுக்கு வந்தால் குடும்பத்திலும் ஓடலாம், அவருடைய மகளையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார். வதந்தியின் இரண்டாம் பாதி இப்படிப் பொய்யானது; சீவலால் அவருக்கு ஒரு கெடுதலும் இல்லை, சீவாமல் விட்டதுதான் கெடுக்கப் பார்த்தது.

சாயக்கா லிஃப்டுக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் பித்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கே என்னை வைக்காம கஞ்சத்தனம் பண்ணியிருக்கே.”

“தப்புதான்ணே. கடைசிச் சீவல் மேல இருக்கு. வாங்க, இப்பவே காட்டறேன். லிஃப்ட் அஞ்சு நிமிஷம் நின்னா ஒண்ணும் ஆயிடாது.”

அவர் ஒரு கையால் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கீழேயிருந்து யாரோ மணி அடித்தார்கள்.

“நாளைக்குப் பாக்கலாம் தங்கச்சி.”

கதவு மூடிக்கொண்டது. தகடு இன்னும் மைக்ராஸ்கோப்பின் மேல்தான் இருக்கிறது. தூசி படாமல் உறையைப் போட்டு மூடியிருக்கிறாள்.