தேவசகாயம் விட்டுக்கொடுக்காத புள்ளி

தேவசகாயம் காலமான செய்தியைத் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில், எங்கள் பழைய உலைத் தொழிலாளி மாரி சொன்னார். "நீங்க போவலன்னா நல்லாருக்காது சார்" என்றார். போனேன். அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதும்படி கம்பெனி நண்பர்கள் கேட்டார்கள். எனக்கு அவரைப் பிடிக்காது. இருந்தும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருமுடிவாக்கத்தில் பஸ் பிரேக்குக்கான ஸ்பிரிங் செய்தோம். கம்பியின் கனத்தைப் பார்த்து, உலையில் எத்தனை நிமிடம் வைப்பது என்று சொல்பவன் நான். கண்மதிப்புதான். தரப் பரிசோதனைக்கு வந்த தேவசகாயம் முதல் வாரமே, "உங்க கண்ணுக்கு யார் சார் சர்டிபிகேட் குடுத்தது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அன்றே அவரை வெறுத்தேன்.

பரிசோதனை முடிவுகளைக் கேட்டு வாங்கி, கம்பியின் கனம் ஒரு பக்கம், அதற்கு உண்மையில் தேவைப்பட்ட உலை நேரம் மறுபக்கம் என்று கிராஃப் தாளில் புள்ளிகளாக வைத்தார். நடுவே ஒரு கோடு. மதிய உணவு வேளையில் எங்களை நிறுத்திவைத்து விளக்கினார்:

"கோட்டுக்கும் புள்ளிக்கும் உள்ள தூரம்தான் நம்ம தப்பு. சிலது மேல, சிலது கீழ. சும்மா கூட்டினா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு தப்பே இல்லாத மாதிரி தெரியும். அதனால ஒவ்வொரு தப்பையும் அதாலயே பெருக்கிக் கூட்டணும். ரெண்டு நாலாகும், அஞ்சு இருபத்தஞ்சாகும். பெரிய தப்பு ஒளிய முடியாது. எந்தக் கோட்டுக்குக் கூட்டுத்தொகை ரொம்பக் குறைச்சலோ, அதை வெச்சுதான் அடுத்த கம்பிக்கு நேரம் கணிக்கணும்."

பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு புள்ளி குறையுதே, சுந்தரம் சார்?"

உண்மைதான். கனமான கம்பி ஒன்று நான் சொன்ன நேரத்தைவிட வெகுநேரம் பிடித்திருந்தது. அந்த முடிவு இருந்த தாளை நான் கொடுக்கவில்லை.

"இன்னா சார், ஒரு புள்ளிக்காவ இவ்ளோ பேஜாரு?" என்று மாரி எனக்காகப் பேசினார்.

"அந்த ஸ்பிரிங் உடைஞ்சா பஸ் நிக்காது" என்றார் தேவசகாயம். மறைத்த தாளை என் மேஜையிலிருந்து அவரே எடுத்துவந்தார். புள்ளி ஏறியதும் கோடு நகர்ந்தது. கனக் கம்பிகள் அத்தனைக்கும் என் நேரம் போதாது என்று தெரிந்தது. அனுப்பத் தயாராக இருந்த சரக்கு நின்றது. மறுவாரம் என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அவர் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதன்பின் ஓய்வு பெறும்வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

சிட்லபாக்கம் வீட்டில் அவர் மனைவி என் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தார். "நீங்கதானா? கடைசி வரைக்கும் உங்களைத் திட்டிக்கிட்டேதான் இருந்தார் சார்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் உதடு அப்போதும் இறுகியே இருந்தது. போய் வாருங்கள், சார். நீங்கள் சொன்னது சரி. உங்களை நான் மன்னிக்கவில்லை.