கோடு காட்டட்டும், பொய் காட்ட வேண்டாம்

மேஜைமேல் ஓடியது

சீவலப்பேரி ஆற்றுப்பாலத்தில் நாங்கள் மாட்டிய நீர்மட்டக் கருவி, முதல் நாள் மத்தியானமே உளற ஆரம்பித்தது.

பாலத்துக்கு அடியில் ஒரு சென்சார். அது ஆற்றின் மட்டத்தை அளந்து, ஒயர் வழியாக எண்ணாக அனுப்பும். பாலத்தின் மேல் ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் என் மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. வருகிற எண்ணை டிஸ்பிளேயில் காட்டி, ஆறு ஏறினால் சைரனை அடிப்பது அதன் வேலை. பாளையங்கோட்டை ஆபீஸில் மேஜைமேல் வைத்து ஓட்டியபோது ஒரு தப்பும் இல்லை. பாலத்தில் வெயில் ஏறியதும் எண்ணுக்குப் பதில் அர்த்தமில்லாத குப்பை வந்தது. குப்பை வந்தால் டிஸ்பிளேயில் வெறும் கோடு காட்டும்படி ப்ரோக்ராம் எழுதியிருந்தேன்.

முதலாளி தங்கராஜ் அண்ணாச்சிக்கு அந்தக் கோடுதான் கண்ணை உறுத்தியது. மறுநாள் அரசு அதிகாரி ஒருவர் கருவியைப் பார்த்து ஏற்றுக்கொள்ள வருவதாக இருந்தது.

“கிரேஸு, குப்பை வந்தா கடைசியா வந்த நல்ல நம்பரையே பிடிச்சு வச்சுக் காட்டச் சொல்லு. எவனுக்குத் தெரியப்போவுது?”

“ஆறு ஏறும்போது பழைய நம்பரையே காட்டுனா சைரன் அடிக்காதுல்லா அண்ணாச்சி?”

“இப்ப எங்கன ஏறுது? முழங்கால் தண்ணிதான் ஓடுது. நாளைக்கு இது தாண்டட்டும், பிறவு பைய சரி பண்ணிக்கிடலாம்.”

“பிறவு யாரும் தொட மாட்டோம். நான் அப்படி எழுத மாட்டேன்.”

“அப்ப நாளைக்கு அவருக்கு நீயே பதில் சொல்லு.”

“சொல்லுதேன்.”

உளறுவது யார்?

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, கோளாறு எங்கே என்று எனக்கும் தெரியாது.

மறுநாள் காலையிலேயே பாலத்துக்குப் போய்விட்டேன். எண் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது. வெயில் ஏறியதும் மறுபடி கோடு. சென்சார் ஒயரைப் போர்டிலிருந்து கழற்றி என் லேப்டாப்பில் மாட்டினேன். எண்கள் சுத்தமாக வந்தன. அப்படியென்றால் சென்சார் மேலும் ஒயர் மேலும் குற்றமில்லை. போர்டைத் தொட்டேன். கை சுட்டது.

அப்போதுதான் உறைத்தது. ஒயர் வழியாக எண் அனுப்பும் இந்தச் சீரியல் முறையில் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் பேச வேண்டும். அந்த வேகத்தைப் பிசகாமல் வைத்திருக்கத்தான் போர்டில் கிரிஸ்டல் போடுவோம். “சிப்புக்குள்ளேயே கிளாக் இருக்கு, இது எதுக்கு?” என்று முதலாளி அதை எடுக்கச் சொல்லியிருந்தார். உள்ளே இருக்கும் கிளாக் சூட்டில் வேகம் மாறும். சென்சார் ஒரு வேகத்தில் சொல்ல, போர்டு வேறு வேகத்தில் கேட்டால் குப்பைதான் மிஞ்சும்.

நினைத்தால் போதாது, நிரூபிக்க வேண்டும். ஆற்றங்கரையில் குடியிருக்கும் பேச்சியம்மாள் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் ஒரு சாக்கை ஆற்றில் முக்கி எடுத்து வந்தாள். பெட்டிமேல் போர்த்தினோம்.

முதலாளியும் அதிகாரியும் வந்து இறங்கினார்கள்.

“ப்ரோக்ராம்ல ஒரு சின்னத் தப்பு சார். இந்தப் பிள்ள எழுதுனது,” என்றார் முதலாளி.

“ப்ரோக்ராம்ல தப்பு இல்ல சார். போர்டு சூடாகுது. குளிரட்டும், பாருங்க.”

காத்திருந்தோம். கோடு மறைந்து எண் வந்தது. சாக்கை எடுத்தேன். வெயில் காய்ந்ததும் மறுபடி கோடு.

“அப்ப இது ரெடி இல்லைங்கீங்க?” என்று அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டார்.

“இல்ல சார்.”

சரிசெய்த பிறகு கூப்பிடுங்கள் என்று சொல்லி அவர் கிளம்பிவிட்டார். திரும்பும் வழியில் வேனில் முதலாளி வாய் திறந்தார்.

“நாளையிலேர்ந்து வேலைக்கு வராத.”

“கிரிஸ்டல் வச்ச போர்டை மாட்டிட்டுத்தான் போவேன்,” என்றேன்.

அவர் மறுக்கவில்லை.

உச்சி வெயிலில்

ஆபீஸில் போர்டில் கிரிஸ்டலை வைத்து ஈயத்தால் பற்றவைத்தேன். தலைமுடி உலர்த்தும் மிஷினால் போர்டைச் சூடேற்றி, லேப்டாப்பிலிருந்து அனுப்பிய எண் பிசகவில்லை என்று பார்த்த பிறகுதான் பாலத்துக்குக் கொண்டுபோனேன். உச்சி வெயிலிலும் எண் நின்றது. இனி கோடு வந்தால் கருவிக்குச் சேதி வரவில்லை என்று அர்த்தம் என்று பேச்சியம்மாளுக்கு விளக்கினேன்.

“கோடு வந்தா நானே போயி ஆத்தப் பாத்துக்கிடுதேன் தாயி. அது போதும்,” என்றாள்.

அத்தோடு எனக்கு அங்கே வேலை முடிந்தது. இப்போது பாளையங்கோட்டையில் எனக்கென்று ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டு கருவிகள் பேசாவிட்டால் ஒவ்வொன்றையும் தனியே பிரித்துப் பாருங்கள். மேஜைமேல் ஓடியதை நம்பாதீர்கள். சேதி வரவில்லை என்றால் வரவில்லை என்றே காட்டுங்கள்.

கோட்டை எடுத்துவிடச் சொல்லும் வாடிக்கையாளர்கள் இன்றும் வருகிறார்கள். வேறு ஆளைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுகிறேன்.