இரண்டு நாற்பதுக்கு வந்த குறிப்பு

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் நம்பப்போவதில்லை, பரவாயில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

இணுவிலில் வீட்டில் இருந்தபடியே கணினி வேலை செய்கிறேன். மனைவியும் மகளும் கனடாவில், எனக்கு இன்னும் விசா வரவில்லை. பகல் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் போன நாட்கள் உண்டு, சில வேளை என் இருமல் சத்தமே எனக்குப் புதிதாகக் கேட்கும்.

குருநகரில் ஒரு மீனவர் சங்கம் பழைய ஒலிப்பதிவுகளைத் தந்து ஒழுங்குபடுத்தக் கேட்டது, மிகப் பழையவற்றை ஒரு வெள்ளிக்கிழமையோடு அழித்துவிடவும் சொன்னது. படகுகளில் இருந்து வயர்லெஸ்ஸில் பேசுவதெல்லாம் கரையில் தானாகவே பதிவாகியிருந்தது. அதற்கு ஒரு நிரல் எழுதினேன். யாராவது ஒரு பதிவைக் கேட்கத் தொடங்கினால், அடுத்த பதிவு கொஞ்சத்தில் தேவைப்படும், நினைவகத்தில் எடுத்து வை என்று என் நிரல் கணினியின் இயங்குதளத்துக்குச் சொல்லும். அது கட்டளை இல்லை, வெறும் ஆலோசனை. சொன்ன ஒவ்வொன்றையும் நேரத்தோடு ஒரு குறிப்பேட்டில் எழுதியும் வைக்கும்.

ஒரு திங்கட்கிழமை அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தால், பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு ஒரு பதிவு தேவைப்படும் என்று நிரல் சொல்லியிருக்கிறது. அந்த நேரம் நான் சமையலறையில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன், யாரும் எதையும் திறக்கவில்லை. செவ்வாயும் அதே பதிவு, அதே இரண்டு நாற்பது. என் பிழைதான் என்று நிரலை வரி வரியாகப் பார்த்தேன், இணையத்தைத் துண்டித்தேன், கடைசியில் அந்த ஆலோசனை வரியையே எடுத்துவிட்டேன். நம்பினால் நம்புங்கள், புதன்கிழமையும் அதே குறிப்பு வந்தது.

அப்போதுதான் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். காற்று இரைச்சல். நடுவில் ஒரு ஆண் குரல்.

"ஆரும் கேக்கிறியளோ? இஞ்சின் நிண்டிட்டுது... வீட்டை சொல்லுங்கோ, நான் வாறன் எண்டு. ஆரும் கேக்கிறியளோ?"

யாரும் பதில் சொல்லவில்லை. பதிவான நேரம் பிற்பகல் இரண்டு நாற்பது, ஆறு வருடத்துக்கு முன்னர்.

சங்கச் செயலாளருக்கு அழைத்து, போனிலேயே அதைப் போட்டுக் கேட்க வைத்தேன்.

"அது சவிரிமுத்து அண்ணையின்ரை போட் தம்பி. போனவர் வரேல்லை. உப்பிடி ஒரு பதிவு கிடக்கெண்டே எங்களுக்குத் தெரியாது. அண்டைக்குக் கரையிலை வயர்லெஸ் செற்றடியிலை ஒருத்தரும் இருக்கேல்லைப் போல." பிறகு சொன்னார், "பழசெல்லாத்தையும் வெள்ளிக்கிழமையோடை அழியுங்கோ எண்டுதானே சொன்னனாங்கள். நல்லவேளை."

மறுநாள், வியாழன் மத்தியானம், சவிரிமுத்துவின் மனைவி றோசலின் அக்கா பஸ் பிடித்து வந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"உண்மையா அவரின்ரை குரலோ தம்பி?"

"ஓம் அக்கா. கேக்க ஏலுமோ உங்களாலை?"

"போடுங்கோ."

போட்டேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கதிரையின் நுனியில் இருந்தபடி, பதிவில் சவிரிமுத்து இரண்டாம் தடவை "ஆரும் கேக்கிறியளோ" என்றதும், ஏதோ அடுத்த அறைக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்:

"கேக்குதப்பா. நான் கேட்டிட்டன். நீங்கள் ஆறுதலா வாங்கோ."

என் வீட்டில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒருவர் இன்னொருவருக்குப் பதில் சொன்னது அதுதான். அவருடைய போனில் பதிவை ஏற்றிக் கொடுத்தேன். அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு புறப்பட்டார், பஸ் தரிப்பிடம் வரை நானும் கூடப் போனேன்.

அதன்பிறகு இரண்டு நாற்பதுக்கு ஒன்றும் வரவில்லை. நிம்மதிதான். ஆனாலும் அந்த நேரம் வந்தால் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் மனைவிக்குக்கூட நான் சொல்லவில்லை. இயங்குதளத்துக்கு இன்னொரு விதமாகவும் ஆலோசனை சொல்லலாம், இது இனித் தேவையில்லை, விட்டுவிடு என்று. அந்த நிரலில் நான் அப்படி ஒரு வரி எழுதியதே இல்லை. குறிப்பேட்டின் கடைசியில் அது இருக்கிறது, சவிரிமுத்துவின் பதிவுக்கு, வியாழன் மூன்று இருபத்தைந்து என்று. மூன்று இருபத்தைந்துக்கு நான் றோசலின் அக்காவோடு பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். புறப்படும்போது கணினியை நிறுத்தி, சுவரில் இருந்து வயரையும் நானே கழற்றிவிட்டுத்தான் போயிருந்தேன்.