மெழுகு காய்ச்சிய மருமகள்

சொந்த ஊருக்குப் போகிறாய் என்று சொல்லித்தான் வஹீதுன்னிசாவைக் கப்பலேற்றினார்கள். பினாங்கில் பிறந்து பத்தொன்பது வயதுவரை அங்கேயே வளர்ந்தவளுக்குச் சேலம் எப்படிச் சொந்த ஊராகும் என்று யாரும் யோசிக்கவில்லை. 1938-ஆம் வருஷம், நாகப்பட்டினத்தில் இறங்கி ரயிலேறி, புருஷன் அப்துல் சலாமோடு சூரமங்கலத்துக்கு வந்து சேர்ந்தாள். அவன் பினாங்கில் அவளுடைய அத்தாவின் கடையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன். இப்போது ஜங்ஷனுக்கு எதிரே குடையும் தகரப்பெட்டியும் விற்கிற கடை வைத்திருந்தான்.

தண்ணீர் உப்புக் கரித்தது. பேச்சில் மலாய் வார்த்தை ஒன்று கலந்தால், மாமியார் அமீனா பீவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தன்னைத்தான் ஏசுகிறாளோ என்று. வஹீதா வாயைக் குறைத்துக்கொண்டாள். குறைத்ததும் சந்தேகமாகிவிட்டது.

அவளுடைய பெட்டியில் செம்பால் செய்த ஒரு சின்னப் பேனா இருந்தது. நுனியில் மூக்கு வைத்த கிண்ணம். அதில் உருகிய மெழுகை ஊற்றித் துணியில் படம் வரைந்து, ஆறிய சாயத்தில் முக்குவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிறகு வெந்நீரில் மெழுகை எடுத்தால் படம் வெள்ளையாகத் தெரியும். பினாங்கில் பக்கத்து வீட்டு ஜாவாக்காரப் பெண் கற்றுக்கொடுத்த வேலை. அவள் வரைந்த நீண்ட வால் பறவைகளையே வஹீதாவும் வரைவாள்.

சேலத்தில் முதல் தடவை மெழுகு காய்ச்சியபோது மாமியார் வாசலில் வந்து நின்றாள்.

"என்ன புள்ள காச்சுறே?"

"மெழுகு மாமி. துணியில படம் போட."

"படம் போட மெழுகு எதுக்கு?"

விளக்கிச் சொன்னாள். அமீனா பீவி தலையாட்டினாள். ஆனால் அடுத்த வாரம் அப்துல் சலாமுக்கு வயிற்றுவலி வந்தபோது, அவன் குடித்த டம்ளரை மாமியார் எடுத்து மோந்து பார்த்ததை வஹீதா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் கொடுத்த எதையும் மாமியார் முதலில் குடித்ததில்லை.

வைகாசியில், படம் போட்டுப் பெட்டியில் வைத்திருந்த ஒரு துணி காணாமல் போனது. ஆனியில் இரண்டு. வஹீதா பெட்டிக் கயிற்றின் முடிச்சை மாற்றிப் போட்டாள். மறுநாள் முடிச்சு வேறு மாதிரி இருந்தது. புருஷனிடம் கேட்டாள்.

"எலி இழுத்திருக்கும்" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

"எலிக்கு முடிச்சுப் போடத் தெரியுமாங்க?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். அவனுக்கும் இதில் பங்கு உண்டென்று அவளுக்குப் பட்டது. அந்தத் தெருவில் யாரைப் பார்த்தாலும், ஏதோ தெரிந்துகொண்டு சிரிப்பது போலவே இருந்தது.

நாலாவது துணியும் போன மறுநாள் காலையில், பால் ஊற்ற வந்த சென்னம்மாளின் தலையில் நீலச் சும்மாடு தெரிந்தது. தன் துணியின் அதே நீலம்.

"அந்தத் துணி ஏது?"

"எடப்பாடிச் சந்தையில வாங்குனதுங்க."

"என் பெட்டியில எடுத்ததா?"

சென்னம்மாள் பால் குடத்தை இறக்கினாள். சும்மாட்டை அவிழ்த்து விரித்துக் காட்டினாள். வெறும் கட்டம் போட்ட கைத்தறித் துணி, ஓரத்தில் கிழிசல். மறுபடி சுருட்டித் தலையில் வைத்தாள்.

"நாளைலருந்து வேற ஆளுகிட்ட வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆடி மாதம் பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டில் பேரப்பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள். மாமியாரோடு போன வஹீதா, பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் சுவரோரம் நாலு தலையணைகளைப் பார்த்தாள். நாலும் அவளுடைய நீலம். அவளுடைய கொடிகள், அவளுடைய அலைகள். பறவைகள் மட்டும் இல்லை. உயிருள்ள உருவம் வீட்டில் ஆகாதென்று கத்தரித்துவிட்டு, மிச்சத்தை ஒட்டித் தைத்திருந்தார்கள். ஒரு தையலோரம் வால் நுனி மட்டும் தப்பியிருந்தது.

பக்கத்தில் மாமியார் தஸ்பீஹ் மணியை வேகமாக உருட்டினாள்.

திரும்பும்போது ஜட்கா வண்டியில் வஹீதா கேட்டாள். "நீங்கதான் கொடுத்தீங்களா மாமி?"

அமீனா பீவி குதிரையைப் பார்த்தபடியே சொன்னாள். "பயந்துதான் கொடுத்தேன். ஏதாச்சும் செய்வினையான்னு ஹஜ்ரத்துகிட்டக் காட்டச் சொன்னாங்க அக்கம்பக்கத்துல. சலாமும் காட்டுங்கன்னான்."

"ஹஜ்ரத் என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல, வெறும் துணின்னாரு."

"மொதல் துணிக்கே அப்படிச் சொன்னாரா?"

"ஆமா."

"அப்புறம் மத்த மூணும் எதுக்கு?"

"அவரு வீட்டம்மா கேட்டாங்க" என்றாள் மாமியார், மெல்லிய குரலில். "நல்லா இருக்குதாம்."

வஹீதாவுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இரண்டு நாள் புருஷனோடும் பேசவில்லை. ஆனால் ஆத்திரத்துக்கு நடுவிலும் அந்தத் தலையணைகள் கண்ணுக்குள் நின்றன. பறவை போனபின் துணி கெட்டுப்போகவில்லை. நன்றாகவே இருந்தது. அதை ஒத்துக்கொள்ள அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்தப் பறவையை அவள் நேரில் பார்த்ததே கிடையாது. யாரோ பார்த்ததை யாரோ வரைய, அதைப் பார்த்து இவள் வரைந்தாள்.

முதல் வேலையாகச் சென்னம்மாளைத் தேடிப் போனாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், எருமைக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"தப்பு என் மேலதான். என்னை எல்லாரும் சந்தேகப்படறாங்கன்னு இருந்தேன். நானும் அதையே உங்களுக்குச் செஞ்சுட்டேன்."

சென்னம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "பாலு ஊத்துறனுங்க. ஆனா ஊட்டுக்குள்ள வர மாட்டனுங்க. வாசல்லயே சொம்பு வெச்சிருங்க."

அப்படியே நடந்தது, அடுத்த எட்டு வருஷமும். எத்தனை தடவை கூப்பிட்டும் அவள் வாசற்படி தாண்டவில்லை.

தை மாதத்துக் குளிரில் வஹீதா மறுபடி பேனாவை எடுத்தாள். சூரமங்கலத்து வறட்டுக் காற்றில் மெழுகு துணிமேலேயே வெடித்தது. வெடிப்புக்குள் சாயம் இறங்கி மெல்லிய நீலக் கோடுகளாகப் படர்ந்தது. பினாங்கில் இப்படியானால் வேலை கெட்டது என்று தூக்கிப் போடுவார்கள். அவள் அந்தத் துணியைக் கொடியில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஊருக்கு வந்தபோது ரயிலிலிருந்து பார்த்த, அடிமண் வெடித்துக் கிடந்த வற்றிய ஏரி ஞாபகம் வந்தது. அடுத்த துணியில் மெழுகைத் தடவி, காயவிட்டு, வேண்டுமென்றே கையால் கசக்கினாள். கோடு ஒரு பக்கம் அடர்ந்து, ஒரு பக்கம் விலகி, அவள் நினைத்தபடியும் நினைக்காதபடியும் வந்தது. நடுவில் புளிய இலைகளை மட்டும் வரைந்தாள்.

ஹஜ்ரத்தின் மனைவி ஆளனுப்பினாள், இன்னும் இரண்டு வேண்டும் என்று. வஹீதா நேரில் போய், "இனி என்கிட்டயே கேளுங்கம்மா" என்று சொல்லி, இரண்டு துணியையும் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தம்மாள் பாராட்டிப் பேசியதில் எவ்வளவு நிஜம் என்று வழியெல்லாம் யோசித்தாள். பெட்டிக்குப் பூட்டு வாங்கினாள். சாவியை மாமியாருக்குத் தெரிகிற மாதிரியே இடுப்பில் செருகிக்கொண்டாள். அமீனா பீவியும் அதைப் பார்த்தும் பாராதவளாக, ஒரு நாள் தானாகவே, "மெழுகு தீந்துபோச்சா? தேனெடுக்கிறவங்க வந்திருக்காங்க" என்றாள். சமாதானம் அந்த அளவில்தான் வந்தது.

நாற்பத்தொன்று மார்கழியில் ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்தான். கடிதங்கள் நின்றன. அத்தா இறந்துபோன செய்தி நாற்பத்தாறில்தான் தம்பியின் கடிதத்தில் வந்தது. "அங்கே உனக்குச் சந்தோஷமில்லை என்று கேள்விப்பட்டேன். டிக்கெட் அனுப்புகிறேன், வந்துவிடு" என்றும் எழுதியிருந்தான்.

வெகுநேரம் அழுதுவிட்டு, புருஷனைக் கூப்பிட்டாள். "எனக்குச் சந்தோஷமில்லைன்னு யாருங்க இவனுக்கு எழுதினது?"

"சத்தியமா நானில்ல" என்றான் அப்துல் சலாம்.

யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அவள் போகவில்லை. தன் கையால் ஏரி வெடிப்புப் போட்ட ஒரு கைலித் துணியை மடித்துத் தபாலில் அனுப்பினாள். இரண்டு மாதம் கழித்துத் தம்பி பதில் எழுதினான். துணி மிகவும் நன்றாக இருக்கிறதாம். எந்த ஊர்ச் சரக்கு, எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டிருந்தான்.