பதினெட்டுக்குப் பத்து

கற்பிட்டியில் இரண்டு அலியார்கள் இருந்தார்கள். ஒருவர் கருவாட்டுக் கடை வைத்திருந்தார். அவரைக் கடை அலியார் என்றார்கள். மற்றவர் எஞ்சின் திருத்துபவர். எஞ்சின் அலியார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அகதி அலியார் என்றார்கள்.

தொண்ணூறில், வடக்கு முஸ்லிம்களெல்லாம் விரட்டப்பட்டபோது, மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து வந்தபோது அவருக்கு முப்பது வயது. இந்தக் கதை நடக்கிற 2017இல் ஐம்பத்தேழு. மன்னாரில் எஞ்சின் திருத்திய வருடங்கள் பன்னிரண்டு. கற்பிட்டியில் இருபத்தேழு. யுத்தம் முடிந்தபின் அங்கே போய்ப் பார்த்தார், காணியைத் துப்புரவாக்கினார், திரும்பி வந்தார். வேலை இங்கேதான் இருந்தது. பெயரும் அப்படியே இருந்தது. அந்தப் பெயரால் யாராவது கூப்பிட்டால் அவர் திரும்பமாட்டார். கூப்பிட்டவர் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நிற்கவேண்டும்.

"தேத்தண்ணிக்குச் சீனி இல்லாட்டியும் இந்த மனுசன் இருப்பாரு. கோவம் இல்லாட்டி இருக்கமாட்டாரு" என்பாள் அவர் மனைவி ஹாஜரா.

துறையில் ஏறக்குறைய எல்லாப் படகுகளுக்கும் பின்னால் கொளுவுகிற மோட்டர்தான். பஸ்தியானின் படகு மட்டும் வேறு. தலவிலக்காரரான பஸ்தியான் மீன்பிடியை விட்டு, ஹோட்டல்களில் தங்கும் வெளிநாட்டுக்காரரை ஓங்கில், அதாவது டொல்பின், பார்க்கக் கூட்டிப்போகும் தொழிலுக்கு 2012இல் வந்தவர். யாரோ கொழும்புப் பணக்காரர் உல்லாசத்துக்கு வைத்திருந்த இருபத்தொரு அடி வெள்ளைப் படகை வாங்கினார். அதன் எஞ்சின் கார் எஞ்சின் மாதிரிப் படகுக்குள்ளேயே, மூடியின் கீழ் இருந்தது. பின்பலகைக்கு வெளியே, தண்ணீருக்குள் இறங்கி நின்று, எஞ்சினின் சுழற்சியைக் காற்றாடிக்குக் கொடுக்கும் அலுமினியப் பாகத்துக்குக் கடதாசியில் ஸ்டேர்ன் டிரைவ் என்று பெயர். துறையில் அதை லெக் என்றார்கள். அந்தக் கரையில் லெக்கைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் அலியார் ஒருவர்தான். படகு வாங்கிய வருடம் எஞ்சினையும் லெக்கையும் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டியது அவர்தான்.

ஐந்து வருடம் ஓடியது. 2017 ஏப்ரலில், சீசன் முடிய ஒரு கிழமை இருக்கும்போது, ஒன்பது வெள்ளைக்காரரோடு குடாவைக் கரைக்கு வெளியே கடலில் நின்றுபோனது. லெக்கின் உடம்பு அரித்து, எண்ணெய்க்குள் கடல் தண்ணீர் ஏறி, பற்சக்கரங்கள் நொறுங்கியிருந்தன. எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீரையும் அந்த லெக்தான் உறிஞ்சிக் கொடுக்கவேண்டும். அது நின்றதும் எஞ்சின் கொதித்து இறுகிவிட்டது. மூன்று மணித்தியாலம் வெயிலில் மிதந்தபின் ஒரு மீன்படகு கயிறு போட்டு இழுத்து வந்தது.

கரையில் இறங்கிய பஸ்தியான், வலை தட்டிக்கொண்டிருந்த இருபது பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"ஊரில்லாதவன் பூட்டின எஞ்சின் ஊர் கொண்டுவந்து சேக்குமா?"

சிலர் சிரித்தார்கள். அலியார் அங்கேயே, ஒரு மோட்டரைக் கழற்றிக்கொண்டு, பத்தடி தள்ளித்தான் இருந்தார். அவர் எழுந்து போய் லெக்கைப் பார்க்கக் கேட்டார். பஸ்தியான் விடவில்லை. வேறு இரண்டு பேரை வைத்துக் கழற்றி, சாக்கில் சுற்றி, தலவிலவுக்குக் கொண்டுபோய்விட்டார்.

அந்த வசனம் துறையில் தங்கிவிட்டது. மே மாதத்தில், வழக்கமாக அலியாரிடம் வரும் மோட்டர்கள் ஒன்றிரண்டு சிலாபத்துக்குப் போயின. யாரும் காரணம் சொல்லவில்லை. அவர் பட்டறையில் உட்கார்ந்து, திருத்த ஒன்றுமில்லாமல், தன்னுடைய ஸ்பனர் சாவிகளையே மண்ணெண்ணெயில் கழுவினார். ஹாஜரா, போய் அந்த மனிதரிடம் கதையுங்கள் என்றாள். சொன்னவன் வந்து கதைக்கட்டும் என்றார்.

ஜூனில் வந்தது பஸ்தியான் அல்ல, அவர் மனைவி றோசா. குடையை மடக்கிவிட்டு, வாங்கில் உட்காராமல் நின்றபடி சொன்னாள். நவம்பருக்குள் படகு தயாராகாவிட்டால் ஹோட்டல் வேறு ஆளைப் பிடித்துவிடும். நீர்கொழும்புப் பக்கம் ஒரு யார்டில் பழைய எஞ்சின்களும் லெக்குகளும் இருக்கின்றன. பஸ்தியான் தொலைபேசியிலேயே ஒரு டீசல் எஞ்சினுக்குப் பேசி முடிக்கப்போகிறார். அது சரியா பிழையா என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

"அவருக்கு ஒங்கள்ட்டக் கேக்க வெக்கம், நானா. எனக்கில்ல."

அலியார் சாவியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். போகாமல் விடலாம். ஆனால் அவன் கண்டதை வாங்கிப் பூட்டி அதுவும் நடுக்கடலில் நின்றால், அந்தப் பழியும் இங்கேதான் வரும்.

"வாறன், தங்கச்சி. கூலி வேணாம். அவன் அந்தக் கதைய எந்த இடத்தில சொன்னானோ, அந்த இடத்தில நிண்டு திருப்பி எடுக்கணும். அதுதான் கூலி."

றோசா ஓம் என்றாள். பஸ்தியானும் ஒத்துக்கொண்டதாக மறுநாள் செய்தி வந்தது.

இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். அலியார் முன்னால் உட்கார்ந்தார், பஸ்தியான் பின்னால். பாலாவியில் ஏறியவர்கள் இறங்கி, வேறு ஆட்கள் ஏறி, மாதம்பையும் கடந்தது.

யார்ட் முதலாளி சிங்களத்தில் நன்றாகக் கதைத்தார். முதலில் டீசலைக் காட்டினார். ஜப்பான் வேனிலிருந்து இறக்கியது. கடலுக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறது, பெற்றோலில் பாதிச் செலவு. பஸ்தியானுக்கு முகம் மலர்ந்தது. அதோடு எந்த லெக் வரும் என்று அலியார் கேட்டார். முதலாளி பெற்றோல் எஞ்சினுக்கான ஒரு லெக்கைக் காட்டி, இடையில் ஒரு தட்டுப் போட்டுப் பூட்டலாம் என்றார். அலியாருக்குக் கோபம் வந்துவிட்டது. டீசல் மெதுவாகச் சுற்றும், ஆனால் முரட்டுத்தனமாகச் சுற்றும். இந்த லெக்கின் பல் வேகமான எஞ்சினுக்கு வெட்டியது. ஒரு சீசன் தாங்காது. அதற்குமேல் டீசல் இரண்டு ஆள் பாரம் கூட. படகின் பின்பக்கம் அமிழும். கரையோரக் களப்பில் தண்ணீர் வத்தும்போது இடுப்பளவு தண்ணீர் உள்ள வாய்க்காலால்தான் வெளியே போகவேண்டும், லெக் சேற்றை உழும். இதையெல்லாம் அவர் பஸ்தியானைப் பார்க்காமல், முதலாளியிடம், ஏதோ முதலாளிதான் தலவிலக்காரர் என்பதுபோல் ஏசினார்.

முதலாளி சிரித்துவிட்டு, அப்படியானால் பழைய எஞ்சின் மாதிரியே ஆறு சிலிண்டர் பெற்றோல் என்றார். அது இருந்தது. அலியார் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார்த்தார். எண்ணெயை விரலில் தொட்டு மணந்து பார்த்தார். தலைப்பாகம் இறங்கும் இடமெல்லாம் ரோர்ச் அடித்தார். எஞ்சினில் குறை இல்லை.

அதற்கென்று முதலாளி ஒரு லெக்கை இழுத்து வைத்தார். சாம்பல் பெயின்ட், கண்ணாடி மாதிரி. பஸ்தியான் அதைத் தடவிப் பார்த்தார்.

அலியார் ஒரு சோக்கட்டி கேட்டார். மேல் அச்சில் ஒரு கோடு, காற்றாடி அச்சில் ஒரு கோடு. கியரைப் போட்டு, மேல் அச்சைக் கையால் சுற்றச் சொல்லி, தான் கீழே குந்தியிருந்து எண்ணினார். இந்த எஞ்சினுக்கு மேலே பதினெட்டுச் சுற்றுக்குக் கீழே பத்து வரவேண்டும். இதில் பதினைந்துக்கே பத்து வந்தது. எட்டுச் சிலிண்டர் எஞ்சினின் லெக். இதைப் பூட்டினால் எஞ்சின் மூச்சுத் திணறும், படகு எழும்பாது. மறுபடியும் எண்ணினார். பதினைந்து. எழுந்து, முதலாளியிடம் ஒன்றும் சொல்லாமல், யார்டின் பின்பக்கம் நடந்தார்.

தகரக் குவியலுக்குப் பக்கத்தில் இன்னொன்று கிடந்தது. பெயின்ட் போய், சிப்பி ஒட்டிய தடம் தெரிய, அழுக்காக. சுற்றினார். பதினெட்டுக்குப் பத்து. அடி ஆணியைக் கழற்றி எண்ணெயை வடித்தார். தண்ணீர் கலந்து பால் மாதிரி வெளுக்கவில்லை. கறுப்பாக, சுத்தமாக வந்தது. உடம்பெங்கும் கத்தி நுனியால் குத்திப் பார்த்தார். எங்கும் இறங்கவில்லை.

"இது" என்றார்.

பஸ்தியான் அன்று முதல்முறையாக வாய் திறந்தார். "இதுவா? இதில சிங்க் கட்டி பாதி தேய்ஞ்சு போய்க் கிடக்கு. அங்க பாருங்க, அந்த லெக்கில புதுசு மாதிரி இருக்கு."

லெக்கின் அடியில் உள்ளங்கை அளவில் பூட்டியிருக்கும் துத்தநாகக் கட்டி அது. கடல் தண்ணீர் அலுமினியத்தை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் தின்னும். தின்னட்டும் என்றுதான் பூட்டுகிறார்கள்.

"தேய்ஞ்சா என்ன?"

"என்னவா? நீங்கதானே சொன்னது, இது தேய்ஞ்சா லெக் போச்சு எண்டு. எங்கட கட்டி ஒரு நூல் தேயல்ல, தெரியுமா. றோசா திருநாளுக்குத் திருநாள் பெயின்ட் அடிச்சுக் காப்பாத்தினவ. அப்பிடியிருந்தும் லெக் போச்சு. அப்ப பிழை ஆர்ட?"

அலியார் கத்தியை மடக்கவில்லை. ஏசத் தொடங்கினார். மன்னார்ப் பேச்சில் ஏசினார், அது பஸ்தியானுக்குப் பாதிதான் விளங்கியது. முதலாளிக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஆனாலும் அவர் இரண்டடி பின்னால் போனார். மாடுகூடத் தான் தின்னவேண்டியதைத் தின்னும், உனக்குக் கடலின் வாயையும் கட்டத் தெரிந்திருக்கிறது என்பது அதில் ஒரு வரி. கட்டிக்குப் பெயின்ட் பூசினால் தண்ணீர் அதைத் தொடமுடியாது. தொடமுடியாத தண்ணீர் லெக்கைத் தின்னும். ஐந்து வருடம் தின்றிருக்கிறது. எஞ்சினையும் அழுக்கு லெக்கையும் லொறியில் ஏற்றும்வரை அவர் நிறுத்தவில்லை. அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. இனித் துறையில் யார் சிரிக்கிறான் என்று பார்க்கலாம்.

பழைய லெக்கைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்றார். லொறி நேரே தலவிலவுக்குப் போனது.

றோசா சாக்கை அவிழ்த்தாள். அலியார் கத்தியால் சுரண்டினார். நீலம், வெள்ளை, மறுபடி நீலம், வெள்ளை, நீலம். ஐந்து திருநாள். அதன் கீழே கட்டி, பூட்டிய நாள்போல, எழுத்துக்கூட அழியாமல் இருந்தது. அதைச் சுற்றி லெக்கின் உடம்பு எலி கடித்த பாண் மாதிரி இருந்தது.

றோசா குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தாள். வருடாவருடம் கோயில் திருநாளுக்கு முன்னால் எல்லாப் படகையும் கரையில் ஏற்றி, பெயின்ட் அடித்து, வரிசையாக வைப்பார்கள். பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளிப்பார். தன் படகில் மட்டும் ஒரு கட்டி அரித்துச் சொறி பிடித்த மாதிரித் தெரிந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதும் ஒரு காரணம்தான் என்று ஒத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஆனா நானா, பூட்டின அண்டைக்கு நான் ஒங்கள்ட்டக் கேட்டன், இது என்னத்துக்கு எண்டு. நீங்க கோவமாத்தான் சொன்னீங்க. இது தேய்ஞ்சா லெக் போச்சு, கவனமாப் பாத்துக்கோ எண்டு. அவ்வளவுதான் சொன்னீங்க. கவனமாத்தானே பாத்தன்?"

அவருக்கு ஞாபகம் வந்தது. படகுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். மேலே இருந்து ஒரு பெண் கேள்விக்குமேல் கேள்வி கேட்டாள். கேள்வி கேட்டால் அவருக்குப் பிடிக்காது. தேயத்தான் வேண்டும், தேய்ந்து முடியுமுன் புதிதாக மாற்றவேண்டும் என்று சொல்ல இன்னும் ஒரு மூச்சுப் போதும். சொல்லவில்லை. ஐந்து வருடத்தில் கரையில் ஏற்றிய படகை ஒருநாள் வந்து பார்க்கவும் இல்லை. களப்பில் மிதக்கும்போது எஞ்சினை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

அலியார் கத்தியைச் சாரத்தில் துடைத்துவிட்டு, பழைய கட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டார். றோசா தேத்தண்ணீர் கொண்டுவந்தாள், குடிக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், பிரதான வீதியில் நடக்கத் தொடங்கினார்.

அன்றிரவு ஹாஜரா என்ன நடந்தது என்று கேட்டதற்கு, லெக் கிடைத்தது என்றார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பஸ்தியான் எஞ்சினையும் லெக்கையும் லொறியில் ஏற்றிக்கொண்டு துறைக்கு வந்தார், வாக்குக் கொடுத்தபடி. வலை தட்டுகிறவர்கள் இருந்தார்கள், ஏப்ரலில் இருந்த அதே ஆட்களில் பெரும்பாலானோர். பஸ்தியான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏப்ரல்ல நான் ஒரு கதை சொன்னன் என்று தொடங்கினார்.

"நீ வாய மூடு" என்றார் அலியார்.

எல்லாரும் திரும்பினார்கள். அவர் பட்டறையிலிருந்து பழைய கட்டியைக் கொண்டுவந்திருந்தார். அதை வலையின்மேல் எறிந்தார்.

"இத எப்பிடி வெச்சிருக்கணும் எண்டு நான் ஒழுங்காச் சொல்லிக் குடுக்கல்ல. பாதி சொல்லிப்போட்டு எழும்பி வந்திட்டன். அவங்க எனக்குக் கீழ்ப்படிஞ்சாங்க, லெக் போச்சு. எஞ்சினும் போச்சு. பிழை என்ட." மூச்சு வாங்கினார். "என்ட பிழை. அகதிட பிழை இல்ல. அலியார்ட பிழை. சொல்லுறதெண்டா அந்தப் பேரச் சொல்லிச் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கட்டியை எடுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார்.

எஞ்சினைப் படகுக்குள் இறக்க நாலு பேர் வேண்டும். பன்னிரண்டு பேர் எழுந்து வந்தார்கள். அலியார் எட்டுப் பேரைத் துரத்திவிட்டார்.