நேர்மைக்கு நோட்ஸ்

போன செவ்வாய்க்கிழமை விருத்தாசலம் போயிருந்தேன். பீங்கான் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம். கம்ப்யூட்டரா? அது மெட்ராஸில் இருக்கிறது! இங்கே அட்டையில் துளை போடும் மிஷின்கள் மட்டும்தான். தொழிற்சாலை தரும் ஆள் விவரங்களை மாணவர்கள் அட்டையில் ஏற்றுவார்கள். அட்டைகள் மெட்ராஸுக்கு ரயிலேறும், லிஸ்ட்டோடு திரும்பி வரும்.

'தொழில் தர்மம்' என்று புதிதாக ஒரு பாடமாம். "ஒரு மணி நேரம் நேர்மையைப் பத்திப் பேசுங்க சார், பசங்க நோட்ஸ் எடுத்துப்பாங்க" என்றார் பிரின்ஸிபால். நேர்மைக்கு நோட்ஸ்! முன் பெஞ்சில் ஒருவன் 'நேர்மை' என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு வேறு போட்டான்... தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் பேசினேன் — வெட்கமில்லாமல்.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வாசலில் ஒரு பெண். ஆரோக்கியமேரி — தொழிற்சாலையில் ஜாடிகளுக்குப் பூச்சு போடுகிறவர். ஐம்பது வயது தாண்டியவர்கள் வேண்டாமென்று அன்று காலைதான் அவரை நிறுத்தியிருந்தார்கள்.

"எனக்கு அம்பத்திமூணு வயசாம் சார்! எங்கம்மாவுக்கே அம்பத்தஞ்சுதான். அப்ப என்னை ரெண்டு வயசுலயா பெத்தாங்க? முப்பத்தஞ்சுன்னுதான் எழுதிக் குடுத்தேன். கேட்டா, கம்ப்யூட்டரே சொல்லிட்டுது, நான் என்ன பண்றதுங்கிறாரு மேனேஜரு. மூணு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

பிரின்ஸிபால் அசரவில்லை. மேரியின் அட்டையைத் தேடி எடுத்து ஓரத்தைக் காட்டினார். ஒருவர் துளையிட்டதை இன்னொருவர் விண்ணப்பத்தைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் சரிபார்க்கும் மிஷின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு போடும்.

"வெட்டு இருக்குது பாருங்கம்மா. தப்பே வராது!"

"சார்..." பின் பெஞ்சில் ஒரு மாணவி எழுந்தாள். கருவேப்பிலங்குறிச்சி வளர்மதி. "அந்த மிஷின் ரிப்பேராயி ரெண்டு மாசம் ஆவுதுங்க. எல்லாரும் பிளேடாலதான் வெட்டுறோம். அந்த அட்டைக்கட்டு எனக்குத்தான் வந்துது, இதை வெட்டினது நாந்தான். வயசைப் படிச்சுக்கூடப் பாக்கல." மேரியின் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சிடுங்கக்கா." அழுதுவிட்டாள்.

பிளேடால் வெட்டச் சொன்னது யார் என்று கேட்டேன். வகுப்பே பிரின்ஸிபாலைப் பார்த்தது. அவர் என் காதருகே வந்து, "அது வேற விஷயம் சார். நீங்க நேர்மையை கன்டினியூ பண்ணுங்க" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! சாக்பீஸைப் போட்டுவிட்டு இறங்கினேன். வளர்மதி நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூன்று பேரும் மேனேஜரிடம் போனோம். விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார் — முப்பத்தைந்து! இரண்டு நிமிஷ வேலை. எதிரே நின்ற அந்த அம்மாவின் முகத்தைக் காலையிலேயே ஒரு தடவை பார்த்திருந்தால் அந்த இரண்டு நிமிஷமும் மிச்சம். மேரி மறுநாளே வேலைக்குப் போய்விட்டார்.

மிஷின் பொய் சொல்லாதாம். சரி ஐயா, பிளேடு பிடித்த கை? ஓர் எண் இடம் மாறினால் ஒரு வீட்டில் உலை வைக்க முடியாது. இதைச் சொல்லித்தர பாடப்புத்தகம் எதற்கு?

நேற்று வளர்மதியிடமிருந்து கடிதம். நிலையத்தின் பெயரைக் கெடுத்ததற்காக அவளைப் பரீட்சை எழுத விடவில்லையாம். வாயைத் திறக்காத மற்றவர்கள் எல்லாரும் ஜம்மென்று எழுதிவிட்டார்கள்...

எந்தப் பரீட்சை என்கிறீர்களா? தொழில் தர்மம்!